பாங்குக்கும் தராசுக்கும் இடையில்

வெள்ளிக்கிழமை காலையில் குசினி வேலை ஓய்ந்ததும் பல்கீஸ் அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து சேணத்தை எடுத்துப் பாயில் வைத்துத் துடைப்பாள். தலையணை அளவுகூட இல்லாத, பந்தயத்துக்கென்றே செய்த சின்னச் சேணம். மூதூர்க் கடற்காற்றுக்கு ஒரு கிழமைக்குள் அந்தத் தோலில் பூஞ்சணம் பிடித்துவிடும். பழைய சீலைத் துண்டால் அதை வழித்தெடுத்து, தேங்காயெண்ணெயில் விரலைத் தொட்டுத் தொட்டு, பட்டியையும் தையல் ஓடிய விளிம்பையும் அழுத்தித் தேய்ப்பாள். சேணத்துக்குச் சொந்தக்காரர் அப்போது வெளி விறாந்தையில் வேலியைப் பார்த்தபடி இருப்பார்.

"குதிரையும் இல்ல, குதிரை ஓடுறவரும் வீட்டோட. சேணத்துக்கு மட்டும் எண்ணெய் முழுக்கு" என்பாள் தாய் நபீஸா.

"மீன் பொரிக்க எண்ணெய் இரிக்கும்மா."

"அதுக்கில்ல மகள். அந்த மனிசனே தூக்கி எறி எண்ட சாமானை நீ ஏன் குழந்தைப்புள்ள மாதிரி வெச்சுக் குளிப்பாட்டுறாய்?"

பல்கீஸ் பட்டியைத் திருப்பி மற்றப் பக்கத்தைத் தேய்ப்பாள். அவளுக்குக் குதிரை என்றால் பயம். கணவன் சகாப்தீன் குதிரையில் இருப்பதை அவள் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் எறியப்போகிற சாமானாக இருந்தாலும் பூஞ்சணம் பிடித்து எறியக்கூடாது என்பது அவள் எண்ணம். இதை வாய்விட்டுச் சொன்னால் தாய் சிரிப்பாள்.

சகாப்தீன் கட்டை மனிதர், மெலிந்த உடம்பு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் குதிரைகளைக் காலையில் கடற்கரை மணலில் நடத்திக்கொண்டு திரிந்தவர். அவருடைய குறைந்த பாரத்தையும் கையின் பொறுமையையும் கண்ட அந்த அதிகாரி, போகும்போது மலைநாட்டில் ஒரு குதிரை லாயத்தில் அவரைச் சேர்த்துவிட்டார். சுதந்திரம் கிடைத்த மறு வருடம் பந்தயக் குதிரை ஓட ஜொக்கி லைசன்ஸ் கிடைத்தது. அதற்குப் பின்தான் பல்கீஸைக் கலியாணம் பேசினார்கள். மூதூரில் வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர். வருடத்தில் பாதி மலையில் குதிரையோடும், பாதி மனைவி வீட்டில் மரியாதையோடும் கழிகிற வாழ்க்கை நன்றாகத்தான் போனது. அந்த மரியாதையில்தான் இப்போது ஓட்டை விழுந்திருந்தது.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு நோன்பு மாதம் சித்திரைக் கடைசியில் பிறந்தது. நுவரெலியாவில் பந்தயக் காலம் முடிகிற நாட்கள் அவை. சகாப்தீன் நோன்பு பிடித்துக்கொண்டே ஓடினார். எப்படியும் பாரம் ஏறாமலிருக்கப் பட்டினி கிடக்கிறவர்கள்தானே ஜொக்கிமார், உனக்கு மட்டும் அதில் நன்மையும் சேருது என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்களாம். கடைசிப் பந்தயத்துக்கு முன் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டு, தரை பார்த்து, ஓடி முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. சகாப்தீன் ஓடிய சாம்பல்நிறப் பெட்டைக் குதிரை ஒரு கழுத்தளவில் முந்தி வந்தது.

ஓடி முடித்த ஜொக்கி குதிரையை விட்டிறங்கி, சேணத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேரே தராசில் போய் ஏறவேண்டும். இடையில் ஒருவரையும் தொடக்கூடாது, ஒருவரிடமிருந்தும் ஒன்றையும் வாங்கக்கூடாது. குதிரைக்கு விதித்த பாரத்துக்குக் குறைவாக ஓடிவிட்டு, வழியில் ஈயத்துண்டை வாங்கிச் செருகிக்கொண்டு நிறுவைக்கு நிற்கிற கள்ளர் இருந்ததால் வந்த சட்டம். சகாப்தீனுக்குத் தன் பெயரைப் போலத் தெரிந்த சட்டம்தான். ஆனால் அவர் சேணத்தோடு நடந்துகொண்டிருக்கும்போது ஊர்ப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற மஃரிபுப் பாங்கு சொல்லிவிட்டது. வேலிக்கு மேலால் ஒரு கை நீண்டது. கையில் ஒரு பேரீச்சம்பழம். சகாப்தீன் அதை வாங்கி, பிஸ்மி சொல்லி வாயில் போட்டுக்கொண்டு போய்த் தராசில் ஏறினார். பாரம் சரியாக இருந்தது.

இரண்டாவதாக வந்த குதிரையின் சொந்தக்காரர் அவர் வாங்கியதைக் கண்டுவிட்டார், தந்த ஆளைத்தான் கூட்டத்தில் காணவில்லை. பந்தயத்தை மேற்பார்க்கும் நடுவர்கள் மூன்று பேரும் சகாப்தீனை அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"கையில் என்ன வாங்கினாய்?"

"பழம், ஐயா."

"எங்கே பழம்?"

"திண்டிட்டன்."

"தந்தது யார்?"

"தெரியா."

அந்தத் 'தெரியா'தான் அவரைக் கவிழ்த்தது. பழமாக இருந்தால் தந்தவனைச் சொல்ல என்ன பயம் என்று கேட்டார்கள். அவர் திரும்பவும் 'தெரியா' என்றார். ஈயம் வாங்கி நிறுவையை ஏமாற்றினான் என்று முடிவெழுதி, வெற்றியைப் பறித்து, லைசன்ஸை ரத்துச் செய்து, இலங்கையில் எந்தப் பந்தய மைதானத்திலும் காலடி வைக்கக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள்.

மூதூருக்கு வந்து இவ்வளவையும் அவர் பல்கீஸிடம் சொன்னார். பழம் தந்தது யார் என்பதை மட்டும் அவளிடமும் சொல்லவில்லை. "ஆரோ ஒருத்தன்" என்றார். கடைத்தெருவில் 'ஈயம்' என்ற பட்டப்பெயர் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அதைக் கேட்டபின் அவர் பள்ளிவாசலுக்கும் பின் வழியால்தான் போய்வந்தார்.

நோன்புப் பெருநாளன்று கிண்ணியாவிலிருந்து ஒருவர் பீங்கான் நிறையத் தொதல் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய, எண்ணெய் மினுங்கும் நல்ல கறுத்த தொதல். "சரீப் காக்காட வீட்டயிருந்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஆரு இந்தச் சரீப்?" என்று கேட்டாள் பல்கீஸ்.

"மலையில குதிரை பாக்கிறவன்."

"உங்கட லாயத்திலயா?"

"மற்ற லாயம்."

"எந்த மற்ற லாயம்?"

சகாப்தீன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். தொதலென்றால் உயிரை விடுகிற மனிதர், ஒரு துண்டுகூடத் தொடவில்லை. பல்கீஸ் பீங்கானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பின் தெரியாத வீட்டுக்கு ஆற்றைக் கடந்து தொதல் வருவதென்றால் அதற்குப் பின்னால் ஏதோ கிடக்கிறது. பின்னேரம் அவர் தனியே இருந்தபோது பக்கத்தில் போய் இருந்தாள்.

"பழம் தந்தது அவர்தானே?"

அவர் மறுக்கவில்லை.

"இரண்டாவதா வந்த குதிரையைப் பாக்கிறவன் அவன்" என்றார். "எங்கட குதிரை வெல்ல ரெண்டு பேரும் களவாப் பேசி வெச்சோம் எண்டுதான் சொல்லுவாங்க. அவன்ட எசமான் அந்த இடத்திலயே அவன அடிச்சுத் துரத்துவார். பாங்கு சொன்ன உடன, தன்ட வாயில வைக்கப்போன பழத்த எனக்கு நீட்டினான் புள்ள. அவனக் காட்டிக் குடுக்கவா?"

"அவர்ட்ட வேற பழம் இருந்ததா?"

"இல்லப் போல. பைப் தண்ணியில வாயை நனைச்சத நான் கண்டன்."

பல்கீஸுக்கு அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. ஆனாலும் கோபமாகத்தான் இருந்தது. மறுநாள் தாயைத் துணைக்குக் கூட்டி, கணவனையும் இழுத்துக்கொண்டு லோஞ்சுப் படகில் ஏறித் திருகோணமலைக்குப் போனாள். நபீஸாவின் காணி வழக்கொன்றைப் பேசிக் கொடுத்த பிரக்கிராசி இரத்தினசிங்கம் அங்கே இருந்தார். எந்த வழக்கையும் சிரித்துக்கொண்டே கேட்கிற மனிதர்.

"அப்பீலுக்குத் தவணை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கு" என்றார் அவர். "முதல்ல ஒண்டு சொல்லுறன். வெற்றி திரும்பி வராது. பழம் எண்டாலும் வாங்கினது வாங்கினதுதான், சட்டம் சட்டம்தான். அதுக்குத் தண்டத்தை ஒத்துக்கொள்ளுவம். நாங்கள் கேக்கிறது கள்ளன் எண்ட சொல்லை எடுங்கோ, லைசன்ஸைத் தாங்கோ எண்டு. சரிதானே?"

"ஓம் ஐயா" என்றாள் பல்கீஸ்.

"அப்ப, பழம் தந்தவர் வேணும். அவர் ஆர்?"

சகாப்தீன் நிலத்தைப் பார்த்தார். அவர் சொல்லமாட்டார் என்று பல்கீஸ் கண்டுகொண்டாள். பெயரை விட்டுவிட்டு மற்றதை அவளே சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர் தோற்ற குதிரையின் ஆள் என்றதும் பிரக்கிராசி கதிரையில் நிமிர்ந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட தம்பி! இதையோ இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சனீர்? இதல்லோ உம்மட வழக்கு! நீர் பாரம் குறைஞ்சு நிண்டா அவையின்ர குதிரைக்கல்லோ வெற்றி? தன்ர குதிரை தோக்கவேணுமெண்டு எந்த மடையன் உமக்கு ஈயம் தருவான்? அந்தாள் வந்து நான்தான் குடுத்தனான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

சகாப்தீன் முதன்முறையாக வாய் திறந்தார். "அவன்ட வேலை போகும் ஐயா. அவன்ட பேரைச் சொல்லித்தான் லைசன்ஸ் வரும் எண்டா எனக்கு அது வேணாம்."

"நீர் சொல்லவேண்டாம். அந்தாள் தானாக வந்தா?"

பல்கீஸ் வீட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்த பீங்கானை நினைத்துக்கொண்டிருந்தாள். பெருநாள் பண்டம் வந்த பீங்கானை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை. அதை யாரும் ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்கவும் முடியாது.

பீங்கானில் அவல் உருண்டை அடுக்கி, ஒரு சட்டி எருமைத் தயிரும் எடுத்துக்கொண்டு தாயும் மகளும் கிண்ணியாவுக்குப் புறப்பட்டார்கள். இடையில் ஆறுகளைப் பாதையில் கடக்கவேண்டும். கயிற்றைப் பிடித்து இழுத்து ஆட்களையும் வண்டியையும் அக்கரை சேர்க்கிற மிதவைக்கு அங்கே பாதை என்று பெயர். தயிர்ச் சட்டி ஆடாமல் மடியில் வைத்திருந்த நபீஸா, வழிநெடுக மருமகனைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

"வாயில நாக்கு இரிக்கிற மனிசன் எண்டா அண்டைக்கே சொல்லிரிப்பார். நம்மள இப்பிடி ஆறு ஆறாக் கடக்க வைக்கிறார்."

"சொல்லிரிந்தா நீங்க மதிச்சிரிப்பீங்களா உம்மா?"

நபீஸா தயிர்ச் சட்டியை மடியில் நேராக்கினாள். "கதை வேற, தயிர் வேற. நீ கரையைப் பாத்து இறங்கு" என்றாள்.

சரீபின் மனைவி ஜெமீலா பாய் விரித்து இருத்தினாள். பல்கீஸின் வயதுதான் அவளுக்கும். சரீப் தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம், வளவில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். கத்தி ஓலை வெட்டுகிற சத்தம் கேட்டது. அறிமுகமில்லாத ஆணோடு நேரே கதைக்கக் கூச்சப்பட்ட பல்கீஸ், சரீப் கேட்க வேண்டியதை ஜெமீலாவிடம் கொஞ்சம் உரத்துச் சொன்னாள்.

"தொதல் நல்லா இரிந்திச்சு ராத்தா. என்ட அவர்தான் தொட்டும் பாக்கல்ல."

"ஏன் புள்ள, இனிப்புக் கூடவா?"

"பழம் திண்டு லைசன்ஸ் போன மனிசன். இனிப்பக் கண்டா பயம் போல."

தட்டிக்கு அப்பால் கத்திச் சத்தம் நின்றது.

ஜெமீலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பல்கீஸ் எல்லாவற்றையும் சொன்னாள். மழை, பாங்கு, வேலிக்கு மேலால் வந்த கை, ஈயம் என்ற பட்டப்பெயர், எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த ஜெமீலாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இதுக்கா எனக்கு முகம் குடுக்காமத் திரியிறார்!" என்றாள். "பெருநாளுக்கு வந்தவர் தொதல் கிண்டு எண்டார், கிண்டினன். மூதூருக்குக் குடுத்தனுப்பு எண்டார். அங்க நமக்கு ஆரு இரிக்கா எண்டு கேட்டா, ஒரு மனிசன் இரிக்கான் எண்டார். மறுகா வாயே திறக்கல்ல."

"நான் அவரக் கூட்டிப்போக வரல்ல ராத்தா" என்றாள் பல்கீஸ். "பீங்கான் குடுக்கத்தான் வந்தனான். ஒரு கதை சொல்லிட்டுப் போறன். அப்பீலுக்குப் போகப்போறோம். அங்கயும் எங்கட அவர் பேர் சொல்லமாட்டார். கேட்டுப் பாத்திட்டன், சொல்லவே மாட்டார். அதால உங்கட அவர் பயப்படாம வேலைக்குப் போகச் சொல்லுங்க."

இதைச் சொல்லத்தான் வந்தோமா என்று அவளுக்கே தெரியாது. ஆற்றில் வரும்போது வேறு பேச்சுத்தான் யோசித்து வைத்திருந்தாள். நபீஸா மகளை வெறித்துப் பார்த்தாள்.

ஜெமீலா எழும்பித் தட்டியடிக்குப் போனாள். "கேட்டீங்களா?" என்றாள். "நோன்பு திறக்கக் குடுத்த நன்மை மட்டும் உங்களுக்கு வேணும். குடுத்தது நான்தான் எண்டு சொல்ல மட்டும் ஏலா. நல்ல யாவாரம்!"

பல்கீஸும் தாயும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழும்பினார்கள். பாதைத் துறையில் அவர்கள் மிதவைக்குக் காத்து நிற்கும்போது ஓலைத் தும்பு ஒட்டிய சாரத்தோடு ஒரு மனிதர் வேகமாக வந்தார். கொஞ்சம் தள்ளி நின்று, ஆற்றைப் பார்த்துக்கொண்டு, நபீஸாவிடம் சொன்னார்.

"உம்மா, எண்டைக்கு வரவேணும் எண்டு ஆள் அனுப்புங்க."

அப்பீல் கொழும்பில் நடந்தது. பிரக்கிராசி இரத்தினசிங்கம் கூட்டாளியான அப்புக்காத்து ஒருவரை அங்கே வாதாட வைத்தார். ஆண்கள் போனார்கள். பல்கீஸ் வீட்டிலிருந்து கறி கருகவிட்டாள், உப்பை இரண்டு தரம் போட்டாள்.

லோஞ்ச் வந்த பின்னேரம் சரீப் தானே நேரே விறாந்தைக்கு வந்து இருந்துகொண்டார். சகாப்தீன் சொல்லத் தெரியாத மனிதர். சரீபுக்கோ அடக்கி வைத்த கதை வாய்க்குள் நிற்கவில்லை.

"மூணு பேர் இரிந்தாங்க. நடுவில இரிந்தவர் முந்தி நீதவானாம். மொழிபெயர்க்க ஒரு ஆள். உன்ட எசமான்ட குதிரையைத் தோற்கடிச்சவனுக்கு நீ ஏன் பழம் குடுத்தாய் எண்டு கேட்டார். நான் சொன்னன், ஐயா, பாங்கு சொல்லிட்டுது. பக்கத்தில நிக்கிறவன் எந்த லாயம் எண்டு பாங்கு பாக்கிறதில்ல, நானும் பாக்கல்ல எண்டு."

"மறுகா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் பல்கீஸ்.

"மறுகா இவரக் கேட்டார். நடுவர்மாருக்கு ஏன் பொய் சொன்னாய் எண்டு. இவர் என்ன சொன்னார் தெரியுமா தங்கச்சி? பொய்தான் சொன்னன் எண்டார். அவ்வளவுதான்! காரணத்தையாவது சொல்லப்படாதா? அப்புக்காத்துக்கு வேர்த்துப்போச்சு. நான்தான் எழும்பி, என்ட வேலைக்காகத்தான் ஐயா எண்டன். கேக்காமக் கதைக்காத எண்டு ஏச்சும் வாங்கினன்."

"பழத்தின்ட கதையையும் சொல்லு" என்றார் சகாப்தீன்.

"ஓ! அப்புக்காத்து ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொண்டுவந்திரிந்தார். சேணத்தோட இவரத் தராசில ஏத்தி, கையில ஒரு பழத்த வெச்சுப் பாத்தா முள்ளு அசையவே இல்ல. சாட்சிப் பொருள் எண்டு மேசையில வெச்ச பொட்டலம், தீர்ப்புச் சொல்ல எல்லாரும் திரும்பி வரக்குள்ள பாதியாப் போச்சு. ஆரு திண்டாங்களோ அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்."

நபீஸா வாயைச் சீலையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தீர்ப்பு பிரக்கிராசி சொன்னபடிதான் வந்தது. நிறுவைக்கு முன் கைநீட்டி வாங்கியது பிழை, வெற்றி போனது போனதுதான். கேட்டதற்குப் பொய் சொன்னதும் பிழை, அதற்கு அந்த வருடம் முடியும்வரை ஓடக்கூடாது. ஆனால் ஏமாற்றினான் என்ற முடிவுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அது அழிக்கப்படுகிறது. புது வருடத்திலிருந்து லைசன்ஸ் செல்லும்.

பல்கீஸ் கதவுநிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். கணவன் அன்றிரவு பெருந்தெருவால் நடந்து பள்ளிக்குப் போனதை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

சரீபின் வேலை போய்விட்டது. எசமான் அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை, இனி வரவேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். சரீப் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றினார். ஜெமீலா ஒருநாளும் அதைக் குத்திக்காட்டவில்லை என்று பல்கீஸ் அறிந்தாள். பீங்கான் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வந்தது. ஒருமுறை இறால், ஒருமுறை முருங்கைக்காய், ஒருமுறை நபீஸா தன் கையால் சுட்ட அப்பம்.

மாசி மாதம் மலையிலிருந்து செய்தி வந்தது. சாம்பல்நிறப் பெட்டை நல்ல தேகத்தோடு நிற்கிறது, சகாப்தீன் வந்து ஓடட்டும், அந்தக் கிண்ணியா ஆளும் வந்தால் குதிரை பார்க்க இடமிருக்கிறது என்று அதன் சொந்தக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். செய்தி துறைமுகத்தில் சரீபின் காதுக்குத்தான் முதலில் வந்தது, மூட்டையைப் பாதியில் போட்டுவிட்டு லோஞ்சேறி மூதூருக்கு ஓடிவந்து அவரே இதைச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பல்கீஸ் வழக்கம்போலச் சேணத்தைப் பாயில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பூஞ்சணம் இல்லை. மழை ஓய்ந்த காலம், காற்றும் காய்ந்திருந்தது. இருந்தாலும் எண்ணெய் பூசினாள். சகாப்தீன் வந்து எதிரே குந்தியிருந்தார். பட்டியொன்றை எடுத்துப் பெருவிரலால் வளைத்துப் பார்த்தார். தோல் வெடிப்பில்லாமல் இளகி வளைந்தது.

"எறியச் சொன்னன். நீ எறியல்ல" என்றார்.

"எறியிறதெண்டா நீங்களே எறிஞ்சிரிப்பீங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதோடு அவளுக்குள் கிடந்த கேள்வியும் வெளியில் வந்துவிட்டது.

"இஞ்ச பாருங்க. வாற நோன்பும் சித்திரையிலதான் வருது. ஓட்டமும் அப்பதான்."

"ஓம்."

"மழை வரும். ஓட்டம் பிந்தும்."

"வந்தாலும் வரும்."

"நீங்க சேணத்தோட நடந்து போறீங்க. தராசு இன்னும் தள்ளி இரிக்கு. பாங்கு முந்திட்டுது. அப்ப என்ன செய்வீங்க?"

சகாப்தீன் அவள் மடியிலிருந்த சீலைத் துண்டை எடுத்து, விளிம்பில் கசிந்து நின்ற எண்ணெயை ஒற்றினார். துண்டை மடித்து அவள் பக்கத்தில் வைத்தார். பிறகு சேணத்தைத் தூக்கிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு எழும்பி, தன் உயரத்துக்குக் குனியத் தேவையில்லாத அந்தக் கதவால், சிரிப்பை மறைக்கிறவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.